சான்றிதழ் அசல்தான், ஆனால் யாருடையது?

பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்ததும் அந்தப் பக்கத்து சர்வர், தான் யார் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகிறது. அதை வாங்கிப் பார்க்கும் பிரவுசர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இது அசல்தானா, நாம் நம்பும் ஒரு நிறுவனம் கையெழுத்துப் போட்டதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நான் தேடி வந்த பெயர்தான் இதில் இருக்கிறதா என்பது இரண்டாவது. கணிதம், குறியாக்கம், பெரிய பெரிய எண்கள் எல்லாம் முதல் கேள்விக்குள் இருக்கின்றன. இரண்டாவது, பார்த்தால், இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற வேலைதான். ஆனால் கடந்த இருபத்தைந்து வருடக் கதையைப் புரட்டினால், கெட்டிக்கார ஆட்கள் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டிருப்பது இந்த இரண்டாவதில்தான்.

இதில் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி சுலபம். அசல் சான்றிதழ் வாங்குவது யாருக்கும் கஷ்டமில்லை. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டதிலிருந்து, ஒரு டொமைன், அதாவது இணையத்தில் ஒரு தளப் பெயர், கையில் இருந்தால் காசு செலவில்லாமல் சில நிமிடங்களில் சான்றிதழ் வந்துவிடும். அது நல்ல விஷயம், அதனால்தான் இன்று சின்னச் சின்னத் தளங்கள்கூடக் குறியாக்கத்தோடு இயங்குகின்றன. ஆனால் திருடனுக்கும் அதே வசதி உண்டு. தன் சொந்த டொமைனுக்கு அவன் நூற்றுக்கு நூறு அசலான சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து, உங்கள் போனுக்கும் வங்கிக்கும் நடுவில் புகுந்து, வங்கியின் சான்றிதழ் வர வேண்டிய இடத்தில் தன்னுடையதை நீட்டுகிறான் என்று வையுங்கள். கையெழுத்து சரி, தேதி சரி, வழங்கிய நிறுவனமும் சரி, பெயர் மட்டும்தான் வேறு. அதைப் பார்க்காமல் விட்டால் மற்ற சோதனைகள் அத்தனையும் வீண், ஏனென்றால் யாராலும் உடைக்க முடியாத குறியாக்கத்தில் சுற்றி உங்கள் பாஸ்வேர்டை நேராகத் திருடன் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். தேர்வு அறையில் ஹால் டிக்கெட்டின் சீலை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, அதில் இருக்கும் போட்டோவையும் எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தையும் ஒப்பிடாமலே நகர்ந்துவிடுகிற மேற்பார்வையாளரின் கதைதான் இது.

சரி, பெயர் சான்றிதழில் எங்கே இருக்கிறது? முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டி உள்ளே போய்ச் சான்றிதழைத் திறந்து பாருங்கள், ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. சப்ஜெக்ட் என்ற பகுதிக்குள் காமன் நேம் என்று ஒரு வரி இருக்கும், பார்த்ததும் இதுதான் பெயர் என்று தோன்றும். இன்றைய பிரவுசர்கள் அந்த வரியை ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்வதே இல்லை. இன்னும் கீழே இறங்கினால் சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் என்று ஒரு பட்டியல் வரும், கணக்கில் வருவது அதுதான். யூடியூபின் சான்றிதழைத் திறந்தால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கூகுளின் பல டொமைன்கள் ஒரே சான்றிதழில் அடைந்து கிடக்கும். நீங்கள் முகவரிப் பட்டையில் தட்டிய பெயர் அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றோடு பொருந்தினால் உள்ளே விடலாம், இல்லாவிட்டால் கதவை மூட வேண்டும்.

ஒரே தாளில் எதற்கு இரண்டு இடத்தில் பெயர் என்று கேட்டால், அது பழைய கதை. எக்ஸ்.509 என்கிற இந்தச் சான்றிதழ் வடிவம் 1988இல் வந்தது, வெப் பிறப்பதற்கு முன்னால். தொலைத்தொடர்புத் துறையினர் உலகம் முழுவதற்கும் ஒரு பெயர் அடைவு கட்ட நினைத்து, நாடு, நிறுவனம், துறை, ஆள் பெயர் என்று அடுக்கடுக்காக வகுத்த காலம் அது. அந்த அடுக்கில் டொமைன் பெயருக்கென்று தனி இடம் இல்லை. 90களில் வெப் வந்தபோது, ஆள் பெயர் எழுத வேண்டிய காமன் நேம் வரியில் சர்வர் பெயரைத் திணித்துவிட்டார்கள். 2000இல் வந்த ஆர்எஃப்சி 2818 என்ற இணைய விதி ஆவணம், ஆல்டர்நேட்டிவ் நேம் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் காமன் நேம் பக்கம் போகலாம் என்றது. அந்த "இல்லாவிட்டால் மட்டும்" பதினேழு வருடம் உயிரோடு இருந்தது. குரோம் 2017 ஏப்ரலில் 58ஆம் பதிப்பில்தான் அதை அறுத்துவிட்டது, கோ மொழி 2020இல் 1.15ஆம் பதிப்பில் இயல்பான அமைப்பிலிருந்து எடுத்தது, 2023 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 9525 விதியாகவே எழுதி முடித்தது. நடுவில் எத்தனையோ அலுவலகங்களின் உள் சர்வர்கள், யாரோ எப்போதோ காமன் நேம் மட்டும் போட்டுத் தயாரித்த சான்றிதழோடு, ஒரு நாள் காலையில் திடீரென்று வேலை செய்யாமல் நின்றன. இன்றைக்கும் பெயர் பொருந்தாதபோது குரோம் காட்டும் பிழைக் குறியீட்டில் "காமன் நேம் இன்வேலிட்" என்றுதான் இருக்கும், அதை நம்பி காமன் நேமைத் திருத்தினால் ஒன்றும் ஆகாது.

ஒப்பிடுவதற்கும் விதிகள் உண்டு. நட்சத்திரக் குறி போட்ட பெயர் ஒரே ஓர் அடுக்குக்குத்தான் செல்லும். அதாவது நட்சத்திரம், புள்ளி, அப்புறம் உங்கள் டொமைன் என்று சான்றிதழ் இருந்தால், 'மெயில்' என்று தொடங்கும் முகவரிக்குப் பொருந்தும், 'பழைய.மெயில்' என்று இரண்டு அடுக்கு வந்தால் பொருந்தாது, முன்னால் ஒன்றுமே இல்லாத வெறும் டொமைனுக்கும் பொருந்தாது. நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஐபி எண்ணைத் தட்டிப் போனால் அந்த எண் சான்றிதழில் ஐபி என்ற வகையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தமிழில் டொமைன் வைத்திருப்பவர்கள், .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடிகிறவர்கள், சான்றிதழைத் திறந்தால் தமிழ் எழுத்தை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் கலந்த மாற்று வடிவம்தான் இருக்கும், ஒப்பிடுவதும் அந்த வடிவத்தில்தான்.

பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு முறையும் திருட்டு என்று அர்த்தமில்லை. ஒரே சர்வரில் நூறு தளங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் உங்களுக்கு உரிய சான்றிதழைப் பொருத்த மறந்துவிட்டு, தன் பொதுச் சான்றிதழை நீட்டியிருக்கலாம். விடுதி வைஃபையில் முதலில் போன் நம்பர் கேட்கும் பக்கத்தைக் காட்டுவதற்காக ரவுட்டர் நடுவில் புகுந்திருக்கலாம். சங்கடம் என்னவென்றால், இந்த அப்பாவிக் காரணங்களும் நிஜத் தாக்குதலும் உங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் தளங்கள் தங்களுக்குக் கடுமையான விதியைப் போட்டுக்கொள்ள 2012இல் எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு தரமாக வந்தது. அதை வைத்திருக்கும் தளத்தில் எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை, உள்ளே போகிறேன்" என்ற பொத்தானே இருக்காது. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அது சரியான முடிவு.

பிரவுசர்கள் இந்த வேலையை ஓரளவு ஒழுங்காகச் செய்துவந்தன. பிரவுசருக்கு வெளியே கதை வேறு.

2012இல் ஸ்டான்ஃபோர்டையும் டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆறு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரவுசர் அல்லாத மென்பொருள்கள், அதாவது கடைகளின் பணம் செலுத்தும் லைப்ரரிகள் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த தயார் கோட்), கிளவுட் கருவிகள், போன் ஆப்கள், சான்றிதழை எப்படிச் சோதிக்கின்றன என்று வரிசையாகப் பார்த்தார்கள். அமேசானின் பணப் பரிமாற்ற லைப்ரரி, பேபால் வணிகர்களுக்குக் கொடுத்த லைப்ரரி, ஓஎஸ்காமர்ஸ், ஜென்கார்ட் போன்ற கடை மென்பொருள்கள் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் விழுந்தன. அதில் ஒரு தவறை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளும் அங்கே அப்படியே இரண்டு வரிகளாக நிற்கின்றன.

கர்ல் என்ற லைப்ரரி தெரிந்திருக்கும், பிஎச்பியில் வேறொரு சர்வரைக் கூப்பிட வேண்டுமென்றால் பெரும்பாலும் அதுதான். அதில் இரண்டு அமைப்புகள் உண்டு. வெரிஃபை-பியர் என்பது சான்றிதழ் அசலா என்று பார்ப்பது, வெரிஃபை-ஹோஸ்ட் என்பது பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது. முதலாவதுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு. இரண்டாவதுக்கு மூன்று மதிப்பு: 0 போட்டால் பார்க்காதே, 2 போட்டால் ஒப்பிட்டுப் பார், நடுவில் 1 போட்டால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார், அது யார் பெயராக இருந்தாலும் கவலையில்லை. எதையும் தொடாமல் விட்டால் 2 தான் இருக்கும், பத்திரம். ஆனால் பொறுப்பான புரோகிராமர் என்ன செய்வார்? இரண்டு அமைப்புக்கும் "ட்ரூ", அதாவது ஆம், என்று எழுதுவார். பிஎச்பியில் அந்த ட்ரூ போய்ச் சேரும்போது 1 ஆகிவிடும். பாதுகாப்பைக் கூட்டுவதாக நினைத்து அவர் கைப்பட எழுதிய வரியே பெயர்ச் சோதனையை அணைத்துவிட்டது. இணைப்பு வேலை செய்கிறது, பிழை எதுவும் வரவில்லை, கோடைப் படிக்கிற இன்னொருவருக்கும் "ஹோஸ்டைச் சோதி: ஆம்" என்றுதான் கண்ணில் படும். அந்தப் புரோகிராமரை நான் குறை சொல்லமாட்டேன், அப்படி ஒரு மதிப்பை அங்கே வைத்ததுதான் தப்பு. கட்டுரை வந்த அடுத்த மாதமே, 2012 நவம்பரில், கர்ல் 7.28.1 பதிப்பில் 1 என்ற மதிப்பு பிழையாக்கப்பட்டது. பிற்பாடு 7.66.0 பதிப்பிலிருந்து 1 போட்டாலும் 2 என்றே எடுத்துக்கொள்கிறது.

இது ஒரு லைப்ரரியின் கோளாறு மட்டும் இல்லை. உலகத்தின் பாதி சர்வர்கள் தோளில் ஏற்றிவைத்திருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில், பெயரை ஒப்பிடுவதற்கென்று ஒரு ஃபங்ஷனே 2015 ஜனவரியில் 1.0.2 பதிப்பு வரும்வரை கிடையாது. அதுவரை ஒவ்வொரு புரோகிராமரும் சான்றிதழைப் பிரித்து, பெயரை எடுத்து, நட்சத்திர விதி எல்லாம் யோசித்து, தானே எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது எழுதாமலே விட்டுவிட வேண்டும். பைத்தானில் எச்டிடிபிஎஸ் முகவரியைத் திறந்தால் சான்றிதழையும் பெயரையும் தானாகவே சோதிப்பது 2014 டிசம்பரில் 2.7.9 பதிப்போடுதான் வழக்கமானது. ஜாவாவில் வெறும் எஸ்எஸ்எல் சாக்கெட் என்ற குறியாக்க இணைப்பைத் திறந்தால் இன்றைக்கும் நீங்கள் தனியாகச் சொன்னால்தான் பெயரைப் பார்க்கும்.

தானே எழுதிக்கொண்டவர்களுக்கு வந்த வினை ஒன்று. ஜாவாவில் பலர் பயன்படுத்தும் அப்பாச்சி எச்டிடிபிகிளையன்ட், சான்றிதழின் சப்ஜெக்ட் பகுதியை ஒரு நீண்ட வரியாக மாற்றி, காமன் நேமைக் குறிக்கும் "சிஎன்=" அதில் எங்கே வருகிறது என்று தேடியது. நிறுவனத்தின் பெயர் என்ற இடத்திலேயே ஒருவர் "சிஎன்=" என்று தொடங்கி இன்னொருவரின் டொமைனை எழுதிவைத்தால் அதை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுவிடும். 2014இல்தான் அது முழுவதுமாக அடைக்கப்பட்டது.

போன் ஆப்கள் பக்கம் வந்தால், அதே 2012இல் ஜெர்மனியில் ஹனோவர், மார்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு ஆப்களை அலசினார்கள். 1,074 ஆப்களில் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்க இடம் தரும் கோட் இருந்தது. காரணம் பெரிய சதி எதுவும் இல்லை. புரோகிராமர் தன் மேஜையில் சோதனை சர்வர் ஒன்றை ஓட்டுகிறார், அதற்கு முறையான சான்றிதழ் இல்லை, ஆப் இணைய மறுக்கிறது. தேடினால், எந்தப் பெயர் வந்தாலும் சரி என்று தலையாட்டும் நான்கு வரி கிடைக்கிறது. ஒட்டினால் வேலை செய்கிறது. அந்த நான்கு வரி அப்படியே ஆப் ஸ்டோருக்குப் போய்விடுகிறது. "இப்போதைக்கு அணைத்துவை, வெளியிடும்போது போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சை அலுவலகங்களில் கேட்காதவர் குறைவு, வெளியிடும் நாளில் அதை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? பின்னாளில் கூகுள் பிளே இந்த மாதிரிக் கோட் இருக்கும் ஆப்களைத் தடுக்க ஆரம்பித்தது, அதற்குப் பிறகு நிலைமை தேவலை.

இரண்டு சொற்களை ஒப்பிடுவதில் அப்படி என்ன தவறு வந்துவிட முடியும் என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு 2009ஐச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் மாக்சி மார்லின்ஸ்பைக், டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே ஓட்டையைச் சொன்னார்கள். சான்றிதழுக்குள் ஒரு பெயரை எழுதும்போது முதலில் அதன் நீளத்தை எழுதி, அப்புறம் எழுத்துகளை எழுதுவார்கள். சி மொழியில் எழுதிய பிரவுசரோ, மதிப்பு பூஜ்யமாக உள்ள ஒரு பைட்டைக் கண்டதும் சொல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மார்லின்ஸ்பைக் தன் டொமைனுக்குச் சான்றிதழ் கேட்கும்போது முன்னால் பேபால் முகவரியை எழுதி, அடுத்து அந்தப் பூஜ்ய பைட்டை வைத்து, அதற்குப் பின்னால் தன் டொமைனை எழுதினார். வழங்கும் நிறுவனம் கடைசிப் பகுதியைப் பார்த்தது, அது அவர் டொமைன்தான், கையெழுத்துப் போட்டுவிட்டது. பிரவுசர் இடமிருந்து படித்து, பூஜ்யத்தில் நின்று, பேபால் என்று நம்பியது. ஒரே சொல்லை இரண்டு பேர் படித்து இரண்டு பெயராகப் புரிந்துகொண்டார்கள். பேபால் இருக்கும் இடத்தில் வெறும் நட்சத்திரத்தைப் போட்டால் ஃபயர்ஃபாக்ஸில் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் சான்றிதழே கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் உடனே சரி செய்தது, மைக்ரோசாஃப்ட் அக்டோபரில்தான் திருத்தம் தந்தது, அதற்குள் அப்படி ஒரு பேபால் சான்றிதழ் வெளியில் உலவ ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் ஒரு ரகசியம் இல்லை, எந்தத் தளத்தின் சான்றிதழையும் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதனால் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது, அதற்குரிய தனிச் சாவி, அதாவது உரியவர் மட்டும் வைத்திருக்கும் ரகசிய எண், எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது என்று அவர் அங்கேயே ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டதே, அது இந்தச் சோதனையில் இருந்த ஓட்டைக்காகத்தான். "கோ-டூ ஃபெயில்", அதாவது 'ஃபெயில் என்ற இடத்துக்குப் போ', என்ற ஒரு வரி கோடில் இரண்டு முறை வந்துவிட்டது, இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் அந்தக் கையெழுத்துச் சோதனையைத் தாண்டிக் குதித்துவிட்டது.

இதுவரை பார்த்தது எல்லாம் வாங்கிப் பார்க்கிறவர் பக்கத்துத் தவறு. கொடுக்கிறவர் பக்கமே தவறு நடந்தால்? அப்போது அசலும் சரி, பெயரும் சரி, பிரவுசர் சந்தேகப்பட ஒரு காரணமும் கிடையாது. இதில் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது.

இந்தியாவில் மின்கையெழுத்துச் சான்றிதழ் வழங்குகிறவர்களை மேற்பார்வை செய்ய, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி சிசிஏ என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அதன் கீழே சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தது அரசின் தேசியத் தகவலியல் மையம், என்ஐசி. 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுளின் டொமைன்களுக்கு என்ஐசி கையெழுத்தோடு சான்றிதழ்கள் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. கூகுள் கேட்டு வாங்கியவை இல்லை. சிசிஏவின் ரூட் சான்றிதழ், அதாவது மற்றச் சான்றிதழ்களுக்கு வேராக நிற்கும் சான்றிதழ், மைக்ரோசாஃப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்றவை அவற்றைக் கேள்வியில்லாமல் ஏற்றிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்ததால் தப்பியது. அடுத்த நாளே, என்ஐசிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் தந்த இடைநிலைச் சான்றிதழ்களை சிசிஏ ரத்து செய்தது. வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள், தவறாகப் போனவை நான்கு சான்றிதழ்கள், மூன்று கூகுளுக்கு, ஒன்று யாஹூவுக்கு என்று விசாரணைக்குப் பின் சிசிஏ சொன்னது. அந்த நான்கில் இல்லாத சான்றிதழ்களும் தங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன என்று கூகுள் பதில் சொன்னது. அதன் பிறகு குரோம் எடுத்த முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிசிஏவின் ரூட்டை முழுவதுமாகத் தூக்கி எறியவில்லை. ஜிஓவி.இன், என்ஐசி.இன், ஏசி.இன், ஆர்பிஐ.ஓஆர்ஜி.இன் உள்பட ஏழு டொமைன்களைப் பட்டியல் போட்டு, இவற்றுக்குள் மட்டும் உன் கையெழுத்து செல்லும், வெளியே செல்லாது என்றது. கையெழுத்துப் போடுகிறவரின் அதிகாரத்துக்கே பெயரால் ஒரு வேலி.

இதைவிட மோசமானது 2011இல் நெதர்லாந்தில் சான்றிதழ் வழங்கிவந்த டிஜிநோட்டார் நிறுவனத்துக்கு நடந்தது. உள்ளே புகுந்தவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள், அதில் கூகுளுக்கானதை வைத்து ஈரானில் சுமார் 3,00,000 பேரின் இணைப்புகள் நடுவில் மறிக்கப்பட்டன என்று விசாரணை அறிக்கை சொன்னது. அது வெளியில் வந்ததே ஈரானில் இருந்த ஒரு குரோம் பயனாளரால்தான், ஏனென்றால் கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவிகள் வரலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். டிஜிநோட்டார் அதே வருடம் செப்டம்பரில் திவாலானது.

ஹேக் செய்யக்கூடத் தேவையில்லாத வழியும் இருந்தது. ஒரு டொமைன் உங்களுடையதா என்று சோதிக்க, அந்த டொமைனின் அட்மின், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர் போன்ற சில மின்னஞ்சல் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்புவது ஒரு முறை. மைக்ரோசாஃப்டின் லைவ்.எஃப்ஐ பொதுமக்களுக்கு மின்னஞ்சல் கொடுக்கும் டொமைன். பின்லாந்தில் ஒருவர் அதில் ஹோஸ்ட்மாஸ்டர் என்ற பெயர் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு, அந்த முகவரியை வைத்தே டொமைனுக்குச் சான்றிதழும் வாங்கிவிட்டார். மைக்ரோசாஃப்ட் 2015 மார்ச்சில் அதை முடக்க வேண்டியதாயிற்று. பொதுமக்களுக்கு மின்னஞ்சல் கொடுக்கும் எந்த நிறுவனமும் அந்தப் பெயர்களை முதல் நாளே பூட்டிவைக்க வேண்டும்.

இந்த அடிகளில் இருந்துதான் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி வந்தது. கொடுத்த சான்றிதழ்களைப் பொதுவில் யாரும் பார்க்கும்படியான பதிவேட்டில் எழுத வேண்டும், அழிக்க முடியாது. 2018 ஏப்ரல் இறுதிக்குப் பின் வழங்கிய சான்றிதழ் அந்தப் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. உங்கள் டொமைன் பெயரில் இதுவரை யார் யார் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள் என்று சிஆர்டி.எஸ்எச் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஒரு டொமைன் வைத்திருக்கும் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன், பழைய ஊழியர் எப்போதோ வாங்கி மறந்தவைகூட வரிசையாக வந்து நிற்கும். எந்த நிறுவனம் உங்கள் டொமைனுக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று, டொமைன் பெயர்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் சிஏஏ பதிவு ஒன்று போட்டுவைக்கலாம், 2017 செப்டம்பரில் இருந்து வழங்குகிறவர்கள் அதைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும். சான்றிதழின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 398 நாளாக இருந்தது, 2026 மார்ச் 15இல் 200 ஆகவும், 2027இல் 100 ஆகவும், 2029இல் 47 ஆகவும் குறைகிறது. டொமைன்கள் கைமாறுகின்றன, போன வருடம் சரியாக இருந்த பெயர் இந்த வருடம் வேறொருவருடையதாக இருக்கலாம், அடிக்கடி கேட்டால்தான் தெரியும்.

எல்லாம் சரியாகப் பொருந்தியும் ஏமாறும் வகை ஒன்று மிச்சம் இருக்கிறது: பெயரே ஏமாற்று. "கேஒய்சி புதுப்பிக்கவில்லை, கணக்கு முடக்கப்படும்" என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் சான்றிதழ் அசல், பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும், ஏனென்றால் அந்த டொமைன் செய்தியை அனுப்பிய திருடனுடையதுதான். வங்கியின் பெயரை அவன் முன்பகுதியில் ஒட்டிவைத்திருப்பான், உண்மையான டொமைன் கடைசிப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். முகவரியை வலமிருந்து படிக்கிற பழக்கம் இங்கே உதவும். குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறி போட்டதற்கு ஒரு காரணம் இதுதான், பூட்டு இருந்தால் நம்பகமான தளம் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரைப் பச்சையில் காட்டும் விலையுயர்ந்த சான்றிதழும் கைகொடுக்கவில்லை. 2017இல் இயன் கேரல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் "ஸ்ட்ரைப், இன்க்" என்று ஒரு நிறுவனத்தை முறைப்படி பதிவு செய்து, அந்தப் பெயரில் அப்படி ஒரு சான்றிதழை வாங்கிக் காட்டினார். பணப் பரிமாற்றம் செய்யும் பிரபலமான ஸ்ட்ரைப் வேறு மாநிலத்தில் பதிவானது, பச்சைப் பட்டையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பட்டையை எடுத்துவிட்டன.

ரிசர்வ் வங்கி இதற்கு வேறு வழியில் போனது, எனக்கு அது நியாயமான வழியாகத் தெரிகிறது. 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் தளங்களை பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த டொமைனைப் பதிவு செய்து தருவது ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டும்தான், கேட்கிறவர் வங்கிதானா என்று பார்த்துத்தான் தரும். பெயருக்குள்ளேயே அடையாளத்தை வைத்துவிட்டால், பெயரை ஒப்பிடுகிற இயந்திரம் செய்யும் வேலைக்கு அர்த்தம் கூடுகிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் எஸ்எஸ்எல்மோட் என்ற அமைப்பில் 'ரிக்வையர்' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அது குறியாக்கம் மட்டும்தான். 'வெரிஃபை-சிஏ' போட்டால் அசலா என்று பார்க்கும், 'வெரிஃபை-ஃபுல்' போட்டால்தான் பெயரையும் ஒப்பிடும். அதே மாதிரி ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஓட்டி, கடைசியில் "வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0, ஓகே" என்று வந்ததைப் பார்த்துச் சான்றிதழ் சரி என்று முடிவு கட்டாதீர்கள். வெரிஃபை-ஹோஸ்ட்நேம் என்ற விருப்பத்தைக் கொடுத்துப் பெயரையும் சொன்னால்தான் அந்த ஓகேயில் பெயர்ச் சோதனை சேரும்.

உங்கள் ஆப் பெயரை ஒப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்ள பேட்எஸ்எஸ்எல்.காம் என்ற தளம் இருக்கிறது. வேண்டுமென்றே பழுதான சான்றிதழ்களை வைத்திருக்கும் தளம் அது. ராங்.ஹோஸ்ட் என்று தொடங்கும் அதன் முகவரியில் அசலான சான்றிதழ், பொருந்தாத பெயர். உங்கள் ஆப் வெளியே பேசப் பயன்படுத்தும் அதே கோடால் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பாருங்கள். பிழை வந்தால் சரி. பக்கம் திறந்துவிட்டால், பெயரைப் பார்க்காதே என்று யாரோ எழுதிய ஒரு வரி உங்கள் கோடில் எங்கோ இருக்கிறது, அடுத்த வெளியீடுவரை காத்திருக்காமல் அன்றைக்கே அதைத் தேடி எடுங்கள்.